மோட்டார் சைக்கிளின் கிளட்ச்: வீட்டிலேயே செய்யத்தக்க பராமரிப்பு

கட்டை வண்டியின் அச்சுக்கு வாரந்தோறும் மையிட வேண்டும் என்பதைக் குடியானவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த வண்டியின் இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கிறது. மாதனூர், பேரணாம்பட்டு, ஆலங்காயம் வட்டாரங்களில் விடியற்காலையில் பால் கேன்களைக் கொண்டு செல்வதும், தோல் பதனிடும் ஆலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் வேலையாட்களை உரிய நேரத்தில் சேர்ப்பதும் பெரும்பாலும் அதுவே. வழியில் அது நின்றுவிட்டால் பால் கெடும்; அல்லது ஒரு நாள் கூலி போகும். அவ்வாறு நிற்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று கிளட்சைக் கவனியாமை ஆகும்.

கிளட்ச் என்பது யாது?

பழைய அரிசி ஆலைகளில் இயந்திரத்தை நிறுத்தாமலே, ஓடும் பட்டையை வெற்றுக் கப்பிக்குத் தள்ளி அரைவையை நிறுத்துவதைப் பலர் பார்த்திருப்பர். மோட்டார் சைக்கிளில் அவ்வேலையைச் செய்வது கிளட்ச். உராய்வுத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு, வில் சுருள்களால் நெருக்கப்பட்டிருக்கும். நெருக்கம் இருக்கும்வரை இன்ஜினின் விசை சக்கரத்திற்குச் செல்லும். இடக்கைப் பிடியை இழுத்தால் ஒயரின் வழியே நெருக்கம் தளர்ந்து விசை நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய மோட்டார் கார்கள் பலவற்றில் கிளட்சின் உராய்வு முகத்திற்குத் தோலையே பயன்படுத்தினர் என்பது தோல் தொழிலில் பெயர்பெற்ற நம் பகுதியினர் அறியத்தக்க செய்தியாகும்.

குறையை அறிவது எப்படி?

குறைகள் இரு வகைப்படும். முதலாவது வழுக்கல். முறுக்கைத் திருகினால் இன்ஜின் இரைகிறது. ஆனால் வேகம் ஏறுவதில்லை. சுமையோடு மேடு ஏறும்போது இது நன்கு புலப்படும். இரண்டாவது இழுவை. பிடியை முழுதும் இழுத்தும் வண்டி மெல்ல நகரும். கியர் மாற்றுவது கடினமாகும். ஒயரில் தளர்வு மிகக் குறைந்தால் வழுக்கலும், மிக அதிகமானால் இழுவையும் உண்டாகும். தகடுகள் தேயத் தேயப் பெரும்பாலான வண்டிகளில் தளர்வு குறைந்துகொண்டே வரும். எனவே மாதம் ஒரு முறையேனும் அதனை அளந்து பார்த்தல் நலம்.

தளர்வைச் சரிசெய்யும் முறை

இன்ஜினை நிறுத்திவிட்டுப் பிடியின் நுனியை விரலால் மெல்ல இழுக்க வேண்டும். எதிர்ப்பின்றி அது நகரும் தூரமே தளர்வு. 100 சி.சி. வண்டிகள் பலவற்றிற்கு இது 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். வண்டியோடு தரும் கைநூலில் உள்ள அளவே இறுதியானது. ஒயரின் ஒரு முனையில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, திருகியை வெளிப்புறமாகச் சுழற்றினால் தளர்வு குறையும். உட்புறமாகச் சுழற்றினால் கூடும். சரியானதும் லாக் நட்டை மீண்டும் இறுக்குதல் வேண்டும். பின்னர் இன்ஜினை இயக்கி, பிடியை இழுத்து முதல் கியர் போட்டுப் பாருங்கள், வண்டி நகரலாகாது.

ஒயரின் உட்கம்பி பிடியருகே இழை இழையாகப் பிரியத் தொடங்கினால் அறுந்து போகும்வரை காத்திராமல் மாற்றிவிட வேண்டும். பழைய ஒயர் சென்ற வழியிலேயே புதியதைச் செலுத்துக. கூர்மையான மடிப்பு கூடாது.

எண்ணெயும் தகடும்

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் இன்ஜின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. ஆகவே விலை மலிவென்று கார் எண்ணெயை ஊற்றுதல் தவறு. அதில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்திருப்பின் தகடுகள் வழுக்கும். ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக்குறி உள்ள எண்ணெயையே வாங்குக. எம்.பி. என்ற குறி உள்ளது ஸ்கூட்டர்களுக்கு உரியது.

தளர்வும் எண்ணெயும் சரியாக இருந்தும் வழுக்கல் நீங்காவிடில் தகடுகள் தேய்ந்தன என்று கொள்ளலாம். கருவிகளும் பழக்கமும் உள்ளவர் தாமே அவற்றை மாற்றலாம். புதிய உராய்வுத் தகடுகளை எண்ணெயில் ஊறவைத்தே பொருத்த வேண்டும். வில் சுருள் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். மூடியின் கேஸ்கட்டையும் புதிதாக இடுக. பழக்கமில்லாதவர் மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே சிக்கனம்.

ஓட்டும் முறையும் ஆயுளைத் தீர்மானிக்கும். பிடியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே ஓட்டினால் தகடுகள் கருகும். ஏலகிரி மலைச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கிளட்சை இழுத்துக்கொண்டு வருவது உயிருக்கே ஆபத்து. இன்ஜினின் தடை நீங்கிப் பிரேக் மட்டுமே சுமையைத் தாங்க நேரிடும்.

பஞ்சாயத்தின் கடமை

வீட்டில் எண்ணெய் மாற்றுவோர் பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டுதல் கூடவே கூடாது. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதையும், 1996 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்ததையும் நாம் அறிவோம். ஆலைகளைக் குறைகூறும் நாம் அதே தவற்றைச் சிறிய அளவில் செய்யலாமா? ஒவ்வொரு பஞ்சாயத்தும் கிராம சபையில் தீர்மானம் இயற்றி, பழைய எண்ணெயைச் சேர்க்க மூடியுள்ள பீப்பாய் ஒன்றைப் பொது இடத்தில் வைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது.

கையில் ஒரு ஸ்பானர், மாதம் கால் மணி நேரம், சற்றே கவனம்: இவை இருந்தால் வண்டி நெடுநாள் உழைக்கும். அதனால் மிஞ்சும் பணம் குடும்பத்திற்கு ஆகும். கொட்டாமல் காத்த எண்ணெயால் ஊர்க் கிணறு தூய்மையாக நிற்கும்.