முப்பத்தாறாவது பந்தோடு நிறுத்து!

மேட்ச் எல்லோரும் பார்க்கிறோம். மேட்சுக்கு முன்னால் மாதக்கணக்கில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? வாங்க, கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூர்ப் பக்கம் ஒரு சாயங்கால நெட் பிராக்டிஸை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே நடப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் கால் தரையில் நிற்காது!

ஸ்டம்புக்கு நேர் முன்னால் பழைய ஷூ ஒன்று கிடக்கிறது. அதுதான் குறி. பதினாலு வயசுப் பையன் புழுதி பறக்க ஓடி வருகிறான். கை சுழல்கிறது. டமால்! ஷூ எகிறிப் போய் நெட்டில் விழுகிறது. "அண்ணா, பார்த்தீங்களாண்ணா!" போச்சம்பள்ளி சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடிந்து, கம்பெனி யூனிபார்மோடு நேராக இங்கே வந்திருக்கும் அண்ணன் கையில் விசில் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. அதில் ஒரு கோடு கிழிக்கிறார்.

"சூப்பர்டா! முப்பத்தாறு ஆச்சு. போதும், போய் ஸ்ட்ரெச் பண்ணு."

"இன்னும் ஒரே ஒரு ஓவர்ணா..."

"நாளான்னிக்கு."

பையன் முகம் சுண்டிப் போகிறது. நமக்கோ கைதட்டத் தோன்றுகிறது! அந்த நோட்டில்தான் ஒரு வேகப்பந்து வீச்சாளனின் அடுத்த பத்து வருஷமும் இருக்கிறது.

முப்பத்தாறு பந்து என்றால் ஆறு ஓவர். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 14, 15 வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர் என்றுதான் நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது. காரணம் முதுகில் இருக்கிறது. முன்கால் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதோடு இடுப்பும் வளைந்து திரும்புகிறது. வளர்கிற பையனின் கீழ் முதுகெலும்பு இன்னும் இறுகியிருக்காது. ஓய்வே கொடுக்காமல் வீச வைத்தால் அதில் மயிரிழை விரிசல் விழலாம்.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973-ல் நடந்தது இதுதான். முதுகில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு, நீண்ட ஓய்வு. பந்துவீசும் முறையையே மாற்றிக்கொண்டு 1974-75 ஆஷஸில் திரும்பி வந்தார். அந்த அனுபவத்தோடு 1987-ல் சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷனுக்கு வந்து நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எல்லோரும் அந்தப் பட்டறையில் பட்டை தீட்டப்பட்டவர்கள்தான்!

பேஸ்பாலில் இந்த எண்ணிக்கைக் கணக்கு இன்னும் கறார். அங்கே வீசுபவருக்கு முழங்கைத் தசைநார் போய்விடும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007 முதல் பந்துகளையே எண்ண ஆரம்பித்தது. 11, 12 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. 66 பந்தோ அதற்கு மேலோ வீசிவிட்டால் நாலு நாள் கட்டாய ஓய்வு! அந்த விளையாட்டுக்குள் நம் நாட்டுப் பையன்கள் இருவர் போனார்கள். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் வீரர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல். 2008-ல் ஒரு டி.வி. போட்டியில் தேறி, அந்த வருஷமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். அவர்கள் கதை 2014-ல் ஹாலிவுட் படமானது. இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான்!

ஆனால் பொறுமையின் ஆகப் பெரிய அதிசயத்தைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி போதும். அந்த ஊர் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். அது 60 கிராமுக்கும் குறைவு. தோல் பந்து ஏறக்குறைய 160 கிராம். தோள் அதற்குப் பழகவே காலம் வேண்டும். அவரைக் கண்டெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவர் ஊர்க்கார அண்ணன் ஜெயபிரகாஷ். 2015-ல் ரஞ்சியில் இறங்கியதும் பந்துவீசும் முறையில் சந்தேகம் எழுந்தது. அங்கேயே எல்லாம் முடிந்திருக்கலாம். முடியவில்லை! பயிற்சியாளர்கள் கூட இருந்து, கையசைவை அங்குலம் அங்குலமாகத் திருத்தினார்கள். 2016-ல் டி.என்.பி.எல். சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர்! 2020 ஐ.பி.எல்.லில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பு சிதறியது. அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். 2021 ஜனவரி, பிரிஸ்பேன் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். வயது 29!

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது புரியாத சங்கதியா? ஒட்டு மாங்கன்று வைத்தால் முதல் இரண்டு மூன்று வருஷம் பூவைக் கிள்ளி எறிகிறோமே! மரம் நிமிரட்டும் என்றுதானே? அதே கையால் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்டில் ஒரே பையனை மூன்று மேட்சிலும் முதல் ஓவர், கடைசி ஓவர் என்று வீச வைத்தால் எப்படி?

டோர்னமென்ட் நடத்தும் அண்ணன்மாரே, அடுத்த நோட்டீஸில் பரிசுத் தொகைக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஓவர்தான்." எண்ணுவதற்கு ஒரு ஆள், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். அடுத்த நடராஜன் மத்தூரிலிருந்தே வரட்டும், அதுவும் முதுகு வலி இல்லாமல் வரட்டும்!