மதிலுக்குள் நிற்கும் அடுத்தவர் வண்டி

மைசூரில் ஒருவருடைய காலி மனையிலோ வீட்டு வளாகத்திலோ அடுக்ககத்தின் நிறுத்துமிடத்திலோ யாரோ விட்டுச்சென்ற வண்டி, ஆண்டுக்கணக்கில் நின்றாலும் இடத்துக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. பதிவுச் சான்றில் பெயர் உள்ளவருக்கும், கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கும், அதன்மேல் உரிமை தொடர்கிறது. இடம் தன்னுடையது என்பதால் வண்டியை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய ஆபத்து.

சாலையில் கைவிடப்பட்ட வண்டிக்கு வழி எளிது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளின்றி நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. பொதுமக்கள் உரிமையோடு போய்வரும் இடங்களுக்கே அந்தப் பிரிவு பொருந்தும். தனியார் காம்பவுண்டுக்குள் அது செல்லாது.

இதனால் பொறுமையிழக்கும் சிலர் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிறருக்கு இடைஞ்சலாக வண்டியைப் பொது இடத்தில் நிற்கவிடுவது அதே சட்டத்தின் 122ஆம் பிரிவின்படி தவறு. பொறுப்பு தள்ளியவர் தலையில் விழும். காயலான் கடைக்குப் போடுவது இன்னும் மோசம். பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. பேட்டரியையோ டயரையோ மட்டும் கழற்றிக்கொண்டாலும் இதே சிக்கல்தான். வண்டியை ஓட்டிப் பார்ப்பதும் கூடாது: காப்பீடு காலாவதியாகியிருந்து விபத்து நேர்ந்தால் இழப்பீடு ஓட்டியவரையும் சேரும்.

சும்மா விட்டுவைப்பதும் பாதுகாப்பல்ல. டயரிலும் உடைந்த கூரையிலும் தேங்கும் மழைநீர் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்த கர்நாடக அரசு, 2024இல் கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்போருக்கு அபராதம் நிர்ணயித்தது: நகர்ப்புற வீடுகளுக்கு 400 ரூபாய், காலி மனைகளுக்கு 2,000 ரூபாய். வண்டி யாருடையதானாலும், தண்ணீர் தேங்கிய இடம் யாருடையது என்பதே இங்கே கேள்வி. ஆகவே நீரை வடித்துவிடுவதும் மேலே மூடிவைப்பதும் இடத்துக்காரரின் நலனுக்கே.

தீர்வு எழுத்தில்தான் தொடங்குகிறது. பதிவு எண், சேஸிஸ் எண், வண்டியின் நிலை ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணை எம்பரிவாகன் செயலியில் இட்டால் உரிமையாளர் பெயரின் ஒரு பகுதி, பதிவு அலுவலகம், காப்பீட்டு விவரம் தெரியும். கே.ஏ. 09 என்றால் மைசூர் மேற்கு ஆர்.டி.ஓ., கே.ஏ. 55 என்றால் கிழக்கு. அடுத்து, பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தந்து ஒப்புகை பெற வேண்டும். கன்னடத்தில் எழுதித் தந்தால் வேலை சுலபம். திருட்டு வண்டி என்றோ குற்றத்தில் பயன்பட்டது என்றோ சந்தேகம் எழுந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி போலீஸ் அதைக் கைப்பற்றலாம். உரிமையாளர் யாரென்று தெரியாதபோது மாஜிஸ்திரேட் அறிவிப்பு வெளியிடுவார். ஆறு மாதத்துக்குள் யாரும் உரிமையை நிறுவாவிட்டால் வண்டி அரசின் வசம் போகும். விற்ற பணத்தில் இடத்துக்காரருக்குப் பங்கில்லை. சந்தேகம் ஏதுமில்லை, இது சிவில் விவகாரம் என்று போலீஸ் கைவிரித்தால், அதையே ‘ஹிம்பரஹ’வாக, அதாவது எழுத்துப்பூர்வப் பதிலாக, வாங்கிவைப்பது நல்லது. பிறகு நீதிமன்றத்தில் அந்தத் தாள் பேசும்.

உரிமையாளர் தெரிந்தவரானால், காலி செய்து போன வாடகைதாரர் போல, கெடு குறித்து ஒப்புகையுடன் அஞ்சலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், 1963ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட தீர்வழிச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்கீழ் வண்டியை அகற்றும் கட்டாய உறுத்துக்கட்டளையும் இழப்பீடும் கேட்டு சிவில் வழக்குத் தொடரலாம். நாளாகும் வழிதான், ஆனால் உறுதியானது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானத்தினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

கண்டெடுத்த பொருளைச் சில நிலைகளில் விற்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 169ஆம் பிரிவு அனுமதிக்கிறதே என்று சிலர் வாதிடுவதுண்டு. அது தொலைந்த பொருளுக்கு உரியது. மேலும் பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் அந்த வண்டியை யார் வாங்குவார்? ஒர்க்‌ஷாப்காரர் நிலை சற்று வேறு. முடித்த பழுதுவேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க அதே ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. பிடித்துவைக்கலாம், அந்தப் பிரிவு விற்கும் உரிமை தரவில்லை.

புதிதாக வாடகைக்கு விடுவோர், காலி செய்யும் நாளில் வண்டியையும் எடுத்துச் செல்ல வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு கட்டணம், முன்பணத்தில் கழிக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும்.