மெத்தை சுமந்த இயற்பியலாளர்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-ல் புதிதாகத் திறந்த ஃபாக் விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் பேசுவது மாணவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து மோதின. இதைச் சரிசெய்யும் வேலை இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் வந்தது.

தெருச் சத்தம் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகுதான் அளக்க முடியும். பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்புவார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் குறிப்பார். இன்னும் சில மெத்தைகள், இன்னொரு அளவு. விடிவதற்குள் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட வேண்டும். தன் உடுப்பும் ஒலியை உறிஞ்சுவதைக் கண்டவர், அதன்பின் அளக்கும்போது ஒரே உடையையே அணிந்தார். கூடத்தின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலி உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்று அவர் எழுதிய சூத்திரத்தைவிட, அந்த இரவுகளின் பொறுமையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை 1881-ல் தொடங்கிய ஹென்றி ஹிக்கின்சன் புது அரங்கு கட்டத் திட்டமிட்டபோது சபைனின் துணையை நாடினார். முன்மாதிரி, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து கெவாண்ட்ஹவுஸ் இசையரங்கு. அதை அப்படியே பெரிதாக்கினால் முழக்கம் அளவு மீறும் என்று சபைன் கணக்குப் போட்டுக் காட்டினார். அகலம் குறைந்த, நீண்டு உயர்ந்த பெட்டி போன்ற வடிவம் முடிவானது. பக்கச் சுவர்கள் நெருக்கமாக இருப்பதால், அவற்றில் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியை ஒட்டியே காதுக்கு எட்டுகிறது. இசை நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. உள்ளே குறுகிச் செல்லும் மேடைச் சுவர்கள் ஒலியை ரசிகர்கள் பக்கம் தள்ளுகின்றன. மாடங்களில் நிற்கும் 16 கிரேக்க, ரோமானியச் சிலைகளும் பள்ளம் பள்ளமான கூரையும் அதைச் சிதறடித்துப் பரப்புகின்றன. நிறைந்த அவையில் முழக்கம் இரண்டு விநாடியை ஒட்டி நிற்கும். சிம்பொனிக்கு அதுதான் வேண்டும்.

1900 அக்டோபர் 15 அன்று பேத்தோவனின் மிஸ்ஸா சொலெம்னிஸுடன் அரங்கு திறந்தது. மேடைக்கு மேலுள்ள பெயர்ப்பலகையில் இன்றும் பேத்தோவன் பெயர் மட்டுமே. 1944-ல் நோயோடு போராடிக்கொண்டிருந்த இசையமைப்பாளர் பார்ட்டோக்கின் ‘கன்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா’ முதன்முதலில் ஒலித்ததும் இங்கேதான்.

2006-ல் மேடைத் தளம் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தது. பழைய தளத்தைப் போலவே மேப்பிள் பலகைகள், அடியில் கம்பளி, பழைய பாணி ஆணிகள் என எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் பொருத்தினார்கள்.