எல்லை நிலை வடிவமைப்பு

எல்லை நிலை வடிவமைப்பு என்பது, ஒரு கட்டடம் தன் ஆயுட்காலத்தில் தாண்டக்கூடாத நிலைகளை முன்னரே வரையறுத்து, அவற்றுக்கு உட்பட்டு அதன் உறுப்புகளை வடிவமைக்கும் பொறியியல் முறை ஆகும். சோவியத் ஒன்றியம் 1955 இல் இதனைத் தன் கட்டட விதிகளில் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதித்தொகுப்பின் 1978 ஆம் ஆண்டுப் பதிப்பிலும், எஃகுக்கான ஐ.எஸ். 800 இன் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இம்முறை இடம்பெற்றது.

எல்லை நிலைகளின் வகைகள்

* இறுதி எல்லை நிலை: உறுப்பு முறிதல், நெளிதல், கட்டடம் கவிழ்தல் போன்றவை. இதைத் தாண்டினால் உயிர்ச்சேதம் நேரலாம்.
* பயன்பாட்டு எல்லை நிலை: மிகையான தொய்வு, வெடிப்பு, அதிர்வு போன்றவை. கட்டடம் நிற்கும், ஆனால் பயன்படுத்தத் தகுதியற்றதாகும்.

பகுதிப் பாதுகாப்புக் காரணிகள்

பழைய அனுமதித் தகைவு முறையில் பொருளின் வலிமை மட்டுமே ஒரு காரணியால் குறைக்கப்பட்டது. எல்லை நிலை முறையில் சுமைக்கும் பொருளுக்கும் தனித்தனிக் காரணிகள் உண்டு. தன்சுமை 10, பயன்சுமை 6 கிலோநியூட்டன் எனில், 1.5 ஆல் பெருக்கி 24 கிலோநியூட்டனுக்கு வடிவமைக்கப்படும். கான்கிரீட்டின் வலிமை 1.5 ஆலும், எஃகின் வலிமை 1.15 ஆலும் வகுக்கப்படும். பணியிடத்தில் கலக்கப்படும் கான்கிரீட்டின் தரம் ஆலையில் உருவாகும் எஃகைவிட அதிகம் மாறுபடுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

கடற்கரையில் நீடித்துழைப்பு

சுமையைத் தாங்கும் கட்டடமும் உப்பால் அழியலாம். கான்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகிறது. கடற்காற்றிலுள்ள குளோரைடு உள்ளே ஊடுருவி அப்படலத்தைச் சிதைக்கிறது. துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டு வெடித்து உதிர்கிறது, கம்பியும் மெலிகிறது. இவ்வாறு பயன்பாட்டுக் குறையாகத் தொடங்குவது இறுதி எல்லை நிலையில் முடியக்கூடும்.

எடுத்துக்காட்டாக, உள்நாட்டு நகரமான செங்கல்பட்டில் மழையில் நனையும் உத்திரத்துக்கு ஐ.எஸ். 456 இன் 2000 ஆம் ஆண்டுப் பதிப்பு எம் 25 தரமும் 30 மிமீ மூடுகனமும் கோருகிறது. அதே மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரையில் அதே உத்திரம் 'கடுமையான' சூழலுக்கு உட்படுவதால் தேவைகள் உயர்கின்றன:

* கடலோரச் சூழல்: எம் 30, 45 மிமீ
* கடல்நீர்த் திவலை படும் இடம்: எம் 35, 50 மிமீ
* அலை ஏறி இறங்கும் பகுதி: எம் 40, 75 மிமீ

இத்தகைய சூழல்களில் வெடிப்பின் அகலம் பொதுவான 0.3 மிமீ அளவுக்குப் பதிலாக 0.1 மிமீக்குள் இருத்தல் வேண்டும்.

மூடுகனம் என்பது கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையிலுள்ள தடிமன் ஆகும். கான்கிரீட்டு ஊற்றுமுன் கம்பிக்கு அடியில் 'கவர் பிளாக்' வைக்காவிடில், வரைபடத்திலுள்ள 45 மிமீ கட்டடத்தில் இராது. உப்புக் கலந்த நீரையோ கழுவாத கடல்மணலையோ கலவையில் சேர்த்தால் குளோரைடு தொடக்கத்திலேயே உள்ளே இருக்கும். அப்போது மூடுகனம் மட்டும் கம்பியைக் காக்காது.