காற்றுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள்

வீட்டை விற்று நாற்பது அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பிவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. சிலருக்கு மூன்று வருஷம், சிலருக்கு ஐந்து, சிலருக்குப் பத்துகூட ஆகிறது. யூடியூபில் பார்த்தால் நீலக்கடல், டால்ஃபின், சூரிய அஸ்தமனம். எனக்கு எழுந்த கேள்வி கொஞ்சம் கணக்கு சம்பந்தப்பட்டது. ஏன் இத்தனை வருஷம்?

படகு மெதுவாகப் போகிறது என்பது பதிலில் பாதிதான். சராசரி வேகம் ஐந்து நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். சைக்கிளே முந்திவிடும். ஆனால் இரவு பகலாக ஓடுவதால் ஒரு நாளைக்கு 120 கடல் மைல், சுமார் 220 கிலோமீட்டர் கடந்துவிடும். திருச்சியிலிருந்து சென்னைக்கு உள்ள தூரம் ஒன்றரை நாள் பயணம். உலகைச் சுற்ற 27,000 கடல் மைல் என்று வைத்தால்கூட 225 நாளில் முடிந்துவிட வேண்டும். எட்டே மாசம்!

முடித்தும் காட்டியிருக்கிறார்கள். இந்தியக் கடற்படையின் 'தாரிணி' படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். நடுவில் நான்கு துறைமுகங்களில்தான் நின்றார்கள். கிட்டத்தட்ட எட்டு மாசம். ஆனால் அவர்கள் போனது தென்கடல் வழி. அங்கே மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும். அலை மாடி உயரத்துக்கு எழும். வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்த இரண்டு அதிகாரிகளுக்கான வழி அது. ஆறு வயசுக் குழந்தையோடு போகிற வழி இல்லை.

குடும்பங்கள் வெப்பமண்டல வழியில்தான் பெரும்பாலும் போகிறார்கள். அங்கே காற்று முதுகுப் பக்கமிருந்து இதமாகத் தள்ளும். ஒரே நிபந்தனை, அதன் காலண்டர்படி நடக்க வேண்டும். தெற்குப் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அந்த மாதங்களில் நியூசிலாந்து மாதிரி புயல் பாதைக்கு வெளியே உள்ள இடத்துக்கு ஒதுங்கிவிடுவார்கள். அட்லாண்டிக்கின் வெப்பப் பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை அதே கதை. பாதி வருஷம் ஓட்டம், பாதி வருஷம் காத்திருப்பு. அப்போதுதான் படகை மேலே ஏற்றி அடிப்பாகம் சுரண்டி வர்ணம் அடிப்பது, பாய் தைப்பது, கையில் காசு தீர்ந்தால் கரையில் வேலை பார்ப்பது எல்லாம். எட்டு மாதம் வருஷங்களாக நீள்வது இப்படித்தான்.

இந்தக் காலண்டர் நமக்குப் புதுசு இல்லை. ஆடியில் ஸ்ரீரங்கத்து மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அம்மியே பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து திருச்சி வரைக்கும் வருகிறது. அதே காற்றுதான் அரபிக்கடலைக் கொந்தளிக்க வைத்து, சின்னப் படகுகளை அந்த மாதங்களில் கரையிலேயே கட்டிப்போடுகிறது. தை, மாசியில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து நிதானமாக அடிக்கும். தாய்லாந்துப் பக்கம் காத்திருக்கும் படகுகள் இலங்கை, மாலத்தீவு வழியாகச் செங்கடலுக்குப் போக அதுதான் தோதான பருவம்.

நம்மவர்கள் இந்தக் காற்றை வைத்துத்தான் பிழைத்தார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் வாங்கினார். 32 அடிப் படகில் உலகைச் சுற்றி 1931இல் முடித்தவர் அவர். 1937இல் தண்டையல் தம்பிப்பிள்ளையும் மற்ற தமிழ் மாலுமிகளும் அந்தக் கப்பலைக் கிளப்பி, சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக ஓட்டிச் சென்றார்கள். 1938 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டார்கள். தெரிந்தவர்கள் ஓட்டியும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அது கூலிக்குப் போன பெரியவர்களின் பயணம் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் தொழில் தெரிந்து வந்தவர்கள்.

குடும்பப் படகில் அப்படி இல்லை. பிள்ளைகளை யாரும் கேட்டுவிட்டு ஏற்றுவதில்லை. அப்பாவும் அம்மாவும் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் எனக் காவல் மாற்றிக்கொள்வார்கள். வாரக்கணக்கில் இரண்டு பேருக்குமே முழு இரவுத் தூக்கம் கிடையாது. அந்த அசதிக்கு நடுவில்தான் சமையல், பழுது பார்ப்பது, பாடம் சொல்லித்தருவது எல்லாம்.

சுசான் ஹேவுட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 2023இல் 'வேவ்வாக்கர்' என்ற தலைப்பில் தன் வாழ்க்கையை எழுதினார். 1976இல் அவருக்கு ஏழு வயசு. மாலுமி குக்கின் மூன்றாவது பயணத்தைப் பின்தொடரப் போகிறோம், மூணே வருஷம் என்று சொல்லி அப்பா குடும்பத்தைக் கிளப்பினார். போனது தென்கடல் வழி. 1977 ஜனவரியில் தென்னிந்தியப் பெருங்கடலில் ஒரு பேரலை படகை அடித்து நொறுக்கியது. சிறுமியின் மண்டை உடைந்தது. தண்ணீரை இறைத்தபடியே ஆம்ஸ்டர்டாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்த பிரெஞ்சு மருத்துவர், மயக்க மருந்து இல்லாமல் பல முறை தலையில் அறுவை செய்தார்.

அதோடு பயணம் நிற்கவில்லை என்பதுதான் கதை. மூன்று வருஷம் பத்து வருஷம் ஆனது. பள்ளிக்கூடம் போகணும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தபால் வழியில் தானாகப் படித்தார். பதினாறு வயசில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடு நியூசிலாந்தில் விடப்பட்டார். அங்கிருந்து பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதி ஆக்ஸ்ஃபோர்டில் இடம் வாங்கினார்.

காலண்டர்படி நடந்தாலும் ஆபத்து வேறு பக்கமிருந்து வரலாம். 2011 பிப்ரவரியில், சரியான பருவத்தில், மாலத்தீவிலிருந்து செங்கடல் நோக்கிப் போன டென்மார்க் குடும்பம் ஒன்றை சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். படகில் மூன்று பிள்ளைகள். செப்டம்பரில்தான் விடுவிக்கப்பட்டார்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பெற்றோரின் உலகப் பயணத்தின் நடுவே 1995இல் நியூசிலாந்தில் பிறந்தவர் லாரா டெக்கர். பதின்மூன்று வயசில், நான் தனியாகச் சுற்றப்போகிறேன் என்று கிளம்பியபோது நெதர்லாந்து நீதிமன்றம் தடுத்து, குழந்தைகள் நல அமைப்பின் கண்காணிப்பில் வைத்தது. அது விலகியதும் 2010இல் புறப்பட்டு, 2012 ஜனவரி 21 அன்று பதினாறு வயசில் பயணத்தை முடித்தார். படகில் வளர்வது ஒரு குழந்தையை முடக்கவும் செய்யலாம், இப்படி உருவாக்கவும் செய்யலாம்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடலோ, புயலோ, படகின் நீளமோ பெரிய வித்தியாசமாக எனக்குத் தெரியவில்லை. லாரா தானே கேட்டுப் போனார். சுசான் இறங்கக் கேட்டும் இறக்கிவிடப்படவில்லை. புயலுக்குக்கூட முடியும் மாதம் உண்டு. அதனால் இந்த மாதிரிக் குடும்பத்தை அடுத்த தடவை யூடியூபில் பார்க்கும்போது, படகின் விலையை விடுங்க. எப்போது திரும்புவது என்று பேசி வைத்திருக்கிறார்களா, அந்தப் பேச்சில் பிள்ளைக்கும் ஒரு வாக்கு உண்டா என்று கவனியுங்க.