மண்ணெண்ணெய் வாடை எங்கிருந்து வருகிறது?

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து காம்பராக் கதவைத் திறந்ததும், மூக்கில் குப்பென்று மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதா? "குக்கர் வச்சிருக்கிற வீட்டில அப்படித்தான் இருக்கும்" என்று நம்மில் பலர் சும்மா விட்டுவிடுகிறோம். சிலர் சாம்பிராணி போட்டு வாடையை மறைக்கிறோம். இரண்டும் தவறு. வாடை என்பது ஒரு செய்தி. அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பது எப்படி என்பதை இந்த மடலில் பார்ப்போம்.

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவை என்று கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்னமும் பல குடும்பங்கள் பழைய லயங்களில்தான் வாழ்கின்றன. ஒரே கூரை, ஒரே சுவர், இந்தப் பக்கம் பத்துக் குடும்பம். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு அந்தக் காம்பராவோடு நிற்காது. ஆகவே வாடையைத் தேடுவது ஒரு வீட்டு வேலை மட்டுமல்ல, லயத்துக்கே காவல்.

வாடை ஏன் வருகிறது?

மண்ணெண்ணெய் எண்ணெயாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. திரி சூடாகி, ஆவி முழுவதும் காற்றோடு கலந்து எரிந்தால் சுவாலை நீலமாக இருக்கும், வாடையும் பெரிதாக வராது. எரியாமல் தப்பிய எண்ணெயைத்தான் நாம் வாடையாக முகர்கிறோம். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க எண்ணெயில் எரியும் பெரிய கொதிகலன் வைத்திருக்கிறார்கள். அங்கும் வாடை வந்தால் இதே கேள்விதான்: எரியாத எண்ணெய் எங்கே தப்பிக்கிறது?

அதைக் கண்டுபிடிக்க, வாடை எந்த நேரத்தில் வருகிறது என்று முதலில் கவனியுங்கள்.

1. குக்கர் பற்றாமலே வாடை வந்தால்

எண்ணெய் எங்கோ கசிகிறது, அல்லது சிந்திக் கிடக்கிறது. எண்ணெய் தாங்கியை விளிம்பு வரை நிரப்பினால், சூட்டில் எண்ணெய் விரிந்து வழியும். முக்கால் பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். தாங்கியின் அடித்தகடு துருப்பிடித்திருக்கலாம். திரியை மேலே ஏற்றியே வைத்திருந்தாலும் எண்ணெய் திரி வழியாக ஏறி ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. குக்கர் நன்றாக ஆறிய பிறகு, பழைய துணியால் துடைத்துக் காய வையுங்கள். அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, விறகடுப்புக்கும் விளக்குக்கும் தூரமான இடத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் எண்ணெய்ப் பொட்டு எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் மேலேதான் ஓட்டை. தாள் சுத்தமாக இருந்தால் குக்கரில் குற்றமில்லை. கேனையும் புனலையும் தரையையும் பாருங்கள். எண்ணெய் துடைத்த துணியைக் குசினி மூலையில் போட்டு வைப்பதும் வாடைக்கு ஒரு காரணம்தான்.

2. எரியும்போது வாடை வந்தால்

பற்ற வைத்த முதல் சில நிமிடங்கள் கொஞ்சம் வாடை வருவது இயல்பு. திரி இன்னும் சூடாகவில்லை. அதற்குப் பிறகும் வாடை இருந்து, சுவாலை மஞ்சளாகி, சட்டியின் அடி கரி பிடித்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். திரிகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? திரியின் நுனி கருகிக் கட்டியாகி இருக்கிறதா? காற்றுப் போகும் சிறு துளைகளைக் கரியும் பொங்கி வழிந்த சோற்றுக் கஞ்சியும் அடைத்திருக்கின்றனவா? கருகிய நுனியை நேராக வெட்டி, துளைகளைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் சுவாலை படபடவென்று வெடித்துத் துடிக்கும்.

பம்ப் அடிக்கும் குக்கரில் தலைப்பகுதி சூடாகும் முன்னே பம்ப் அடித்தால், ஆவிக்குப் பதிலாக எண்ணெயே பீறிட்டு வரும். அது ஆளையே பிடிக்கும் நெருப்பு.

3. அணைத்த பிறகு வாடை வந்தால்

சூடான திரியிலிருந்து ஆவி தொடர்ந்து வருகிறது. வாயால் ஊதி அணைக்காமல், திரியை முழுவதும் கீழே இறக்கி அணையுங்கள். அந்த நேரம் கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். எரிகிற குக்கரிலோ ஆறாத குக்கரிலோ ஒருபோதும் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

4. வாடையே மாறியிருந்தால்

இதுதான் மிகவும் ஆபத்தானது. புல்வெட்டும் இயந்திரத்துக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ பெற்றோல் வைத்திருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்கி வருவார்கள். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய அளவு ஆவி விடும். பெற்றோலோ உறைகுளிரிலும் விடும். கொஞ்சம் பெற்றோல் கலந்தாலும் குக்கர் வெடிக்கலாம். வாடை வழக்கத்தைவிடக் காரமாக, தலையைச் சுற்றுவதுபோல் இருந்தால் அந்த எண்ணெயைப் பற்ற வைத்துப் பார்க்காதீர்கள். மண்ணெண்ணெய்க்கென்று தனிக் கேன், இறுக்கமான திருகு மூடி, மேலே பெரிய எழுத்தில் பெயர் வேண்டும்.

2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியது நினைவிருக்கும். அந்த நாட்களில் கிடைத்ததைக் கிடைத்த போத்தலில் வாங்கி வைக்கப் பழகிவிட்டோம். சோடாப் போத்தலில் இருப்பதைத் தண்ணீர் என்று குழந்தை குடித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்புலன்ஸுக்கு 1990.

காஸ் வாடை வேறு

இப்போது பல காம்பராக்களில் காஸ் சிலிண்டரும் இருக்கிறது. அதன் வாடை அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி. உண்மையில் காஸுக்கு வாடையே கிடையாது. நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே ஈதைல் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். 1937 மார்ச் 18ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாடையில்லாத எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் வாடை சேர்ப்பது அங்கு சட்டமானது.

நமது நாட்டிலும் 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பல வீடுகளில் காஸ் வெடித்தது. சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் கலவை அளவு மாறியதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு சொன்னது. ஆகவே ரெகுலேட்டரையும் ஹோஸையும் சவர்க்கார நுரை பூசிச் சோதியுங்கள். குமிழி கிளம்பும் இடமே கசியும் இடம். காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல், அடுப்பையெல்லாம் அணைத்து, வால்வை மூடி, கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே அனுப்புங்கள்.

நாங்கள் கண்ட ஒரு சம்பவம்

ஹேவாஹெட்டைப் பக்கம் ஒரு லயத்தில் ஓர் அக்கா எங்களிடம் முறையிட்டார். "ரெண்டு வாரமா எண்ணெய் நாத்தம். குக்கரை மாத்தியும் போகலீங்க." தாள் சோதனை செய்தோம். ஒரு பொட்டும் இல்லை. பழைய லயம் என்பதால் நடுச்சுவர் கூரை வரை எட்டவில்லை. "தம்பி வீட்டையும் ஒருக்கா பார்ப்போமா?" என்று கேட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குப் போனோம். கட்டிலுக்கு அடியில் ஒரு கேன். மூடி தொலைந்துபோய், ஷொப்பிங் பையைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். கேன் சரிந்து, எண்ணெய் ஊறிய தரை வழியாக ஈரம் சுவர் ஓரத்துக்கு வந்துவிட்டது. சுவரின் மறுபக்கம், இரண்டடி தூரத்தில், அக்காவின் விறகடுப்பு.

"எங்க வீட்டுல நாத்தமே தெரியலக்கா" என்றார் அந்தத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு பழகிவிடும். அதனால் வெளியிலிருந்து வருபவர் "வாடை வருதே" என்றால் கோபப்படாதீர்கள். அவர் மூக்குத்தான் சரியான மூக்கு.

கடைசியாக ஒன்று

வாடை இல்லையென்றால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. காற்றோட்டமில்லாத அறையில் எது எரிந்தாலும் வரும் காபனோரொட்சைட்டு என்ற நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பனிக்கால இரவில் குளிருக்காகக் கரிச்சட்டியையோ குக்கரையோ உள்ளே எரியவிட்டு, கதவை அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால் முதலில் வெளியே வாருங்கள்.

வாடையைத் தேடும்போது தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ வேண்டாம். பகல் வெளிச்சம், இல்லையேல் டோர்ச். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் குக்கருக்கு அடியில் ஒரு தாளை விரித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு இந்த மடலை அடுத்த காம்பராவுக்கும் கொடுங்கள்.