பழைய காவலும் புது ரத்தமும்

தம்பிக்கு 'ஓ' பிரிவு ரத்தம். அண்ணனுக்கு 'ஏ' பிரிவு. ரத்தப் புற்றுநோய் கண்ட தம்பிக்கு அண்ணன் ஸ்டெம் செல் தானம் செய்யலாமா? செய்யலாம். இதற்கு முக்கியமாகப் பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற வேறொரு பொருத்தம்.

ஆனால், சிலருக்கு ஒரு விசித்திரம் நேர்கிறது. அண்ணன் தந்த செல்கள் தம்பியின் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் ஒழுங்காகப் பெருகுகின்றன. சிவப்பணு மட்டும் தலைகாட்டுவதில்லை! முகம் வெளுக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரும்புச் சத்து டானிக் இதற்குப் பயன்படாது.

தம்பியின் பழைய பிளாஸ்மா செல்கள் சில, கடும் மருந்துக்கும் தப்பி, 'ஏ' பிரிவை எதிர்க்கும் பொருளை இன்னும் சுரப்பதே காரணம். சிவப்பணுவை அது முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

டாக்டர்கள் 'ஓ' பிரிவுச் சிவப்பணுக்களை ஏற்றிக் காத்திருக்கிறார்கள். பலருக்குச் சில மாதங்களில் இந்தப் பழைய காவல் தானே ஓய்கிறது. அதுவரை ஏற்றும் ஒவ்வொரு பையிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உடலில் தங்கி, கல்லீரலைக் கெடுக்கப் பார்க்கும். அதை வெளியேற்றத் தனி மருந்து உண்டு. காவல் ஓயாவிட்டால் ரிடுக்ஸிமாப் கொடுத்துப் பார்ப்பதுண்டு. அதற்கும் மசியாத ஒருவருக்கு, பிளாஸ்மா செல்லையே அழிக்கும் டாராடுமுமாப் பலன் தந்ததாக 2018-ல் டாக்டர்கள் அறிவித்தனர்.

குணம் தெரிய ஆரம்பித்தால், ரெடிகுலோசைட் என்னும் இளம் சிவப்பணுக்கள் பரிசோதனையில் முதலில் தென்படும். பிறகு ஒரு நாள், தம்பியின் ரத்தப் பிரிவும் 'ஏ' என்றே ரிப்போர்ட் வரும்!